நாலு மூங்கில், ஒரு முதுகு

சால்ட் லேக் குவார்ட்டர்ஸ் வாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டு ஹாலில் அத்துமீறிக் குடியேறிய நான்கு மூங்கில் கட்டைகளை உடனடியாகப் பால்கனிக்கு நாடு கடத்தும்படி என் அம்மா உத்தரவிட்டிருக்கிறார். மேல்முறையீடு தள்ளுபடி. அப்பா நடுநிலை வகித்தார், அதாவது பேப்பர் படித்தார்.

சிரிச்சியாடா? சரி.

பால்கனியில் வைக்க மனம் வரவில்லை. என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மழையில் நனைந்த மூங்கிலும் உன் பழைய ஸ்கூல் பையின் ரெக்ஸினும் கலந்து அறை முழுக்க ஒரே வாசனை. நீ இப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மாதிரி.

வங்காளத்தில் பட்டம் விடும் நாளான விஸ்வகர்மா பூஜை அன்று இந்த ஊர்ப் பையன்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். அறுந்த பட்டம் எங்கே விழுகிறதோ அங்கே முட்டி மோதுவார்கள். நீ ஒருத்தன்தான் மரங்களைப் பார்த்தாய். "விழற பட்டத்தை எவன் வேணா பிடிப்பான். உட்கார்ந்த பட்டம் நம்மளுது" என்பாய். அதற்காகத்தான் இந்தக் கட்டைகள். ஒவ்வொன்றும் கை நீளம். இரண்டு பக்கமும் கால் வைக்க முளைகள். மரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ஏணி. படிக்கட்டு இல்லை, படிக்கட்டை என்று பெயர் வைத்தது நான். அந்த வேட்டையில் என் அறிவுப் பங்களிப்பு அதோடு முடிந்தது. மற்றபடி நீ ஏறுபவன், நான் சுமப்பவன்.

முதல் வருஷம் ஞாபகம் இருக்கா? நாலையும் ஒரு கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பினால் ரிக்‌ஷாக்காரர் திட்டினார். மறுபடி திரும்பினால் ஒரு வங்காளி அண்ணனின் கையிலிருந்த சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டி பறந்தது. கட்டைகள் ஒன்றோடொன்று மோதி எழுப்பிய சத்தத்தில், நாம் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து பிளாக் பையன்கள் மரத்தடியில் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோளில் தோல் இல்லை.

நான் அதை வைத்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை செய்தாய். முளைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி கட்டைகளை அடுக்கினாய், விரல் கோத்துக்கொள்வது போல. உன் அப்பாவின் கிழிந்த லுங்கியை நாடாவாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் சுற்றினாய். உன் ஸ்கூல் பையின் அடியைப் பிரித்து நாலையும் நுழைத்தாய். என் முதுகில் மாட்டி, இடுப்போடு சேர்த்து ஒரு கம்சாத் துண்டை இறுக்கினாய். "தோளு பையை மாட்டத்தான்டா. தூக்கறது இடுப்பு." அப்புறம் குதிக்கச் சொன்னாய். குதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. நீ ஏறுவதற்கு அந்தக் கட்டைகளில் எந்த மாற்றமும் செய்துகொள்ளவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

மரத்திலிருந்து இறக்கிய முதல் பட்டத்தை நீ பறக்கவிட மாட்டாய். உன் அம்மாவிடம் கொடுப்பாய், நான் அத்தை என்று கூப்பிடுபவரிடம். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எந்த மரம் என்று கேட்டுவிட்டு, சமையலறை ஜன்னல் ஆணியில் மாட்டுவார். காளி பூஜை வரை அது அங்கேதான் படபடக்கும்.

குளிர்காலத்தில் உனக்கு வந்த அந்தக் காய்ச்சலைப் பற்றி எழுதப்போவதில்லை. பரீட்சை ஹாலில் எனக்கு முன்னால் பெஞ்சு காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

அத்தை அதன் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. இந்த வருஷ விஸ்வகர்மா பூஜைக்கு முன்பு ஒருநாள் அம்மா கொடுத்த குழம்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். என் கண் அந்த ஆணிக்குப் போனதை அத்தை பார்த்துவிட்டார். என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. "இந்த வருஷமும் பட்டம் வரும் அத்தை. நானே ஏறிக் கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பார்த்து ஏறச் சொன்னார். பிறகு பூஜையன்று மழை வருமா என்று என் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டாராம்.

ஆகவே பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்: ஆணி காலியாக இல்லை. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டம் தொங்குகிறது. கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். கட்டைகளை மாட்டிக்கொண்டு கால்வாய்க் கரை வரை தன்னந்தனியாக நடந்தேன். கேட்டில் காவலுக்கு இருக்கும் தர்வான் அண்ணன் மட்டும் "ஆஜ் ஏகா?" என்றார். ஆமாம், இன்றைக்குத் தனியாகத்தான் என்று சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டினேன்.

சரிடா. உன்னிடம் என்ன மறைப்பது.

கால்வாய்க் கரைக் கடம்ப மரத்தில் ஒரு பட்டம் உட்கார்ந்திருந்தது நிஜம். இரண்டு கட்டைகளைக் கட்டியதும் நிஜம். அவனவனுக்கு ஏறினால் ஏறுமுகம், எனக்கு ஏறினால் அழுமுகம். இரண்டாவது கட்டையில் நின்று கீழே பார்த்துத் தொலைத்தேன். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிட்டேன். மார்க்கெட்டில் ஒரு பட்டம் வாங்கினேன். மூலையைக் கிழித்து, சேறு தடவி, ஒரு இலையையும் செருகினேன். என் தொழில் சுத்தம் உனக்குத் தெரியும்.

அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்தார். எந்த மரம் என்று கேட்டார். காக்கைக் கூடு, முறிந்த கிளை எல்லாம் வைத்து ஒரு கதை சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"இதுல சூத்திரம் போட ஓட்டையே இல்லியேப்பா. எந்த நூல்ல பறந்துது இது?"

கடைப் பட்டத்தில் ஓட்டை இருக்காது, வாங்கியவன்தான் ஊதுவத்தியால் சுட்டு நூல் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த விஷயம். பேட்டையையே ஏமாற்றக் கிளம்பிய நான் இல்லாத ஒரு ஓட்டையில் மாட்டிக்கொண்டேன்.

அத்தை திட்டவில்லை. சாமி படத்துக்கு முன்னாலிருந்த ஊதுவத்தியை எடுத்துவந்து, ஓட்டை போட்டு, நூல் கட்டி, ஆணியில் மாட்டினார். பிறகு மரத்தில் இருப்பது இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"வா. நான் கீழ நிக்கறேன்."

வீட்டுச் செருப்போடு வந்துவிட்டார்டா. கடம்ப மரத்தடியில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டை வரை போனேன். கை எட்டவில்லை. போதும், இறங்கு என்றார். பட்டம் இன்னமும் மேலேதான் இருக்கிறது.

கட்டைகளை அடுக்கிப் பையில் நுழைத்து மாட்டப் போனபோது அத்தை பையைப் பிடித்துக்கொண்டார். தனக்கு மாட்டிவிடச் சொன்னார். வேண்டாம் அத்தை, கனம் என்றேன். கேட்கவில்லை. மாட்டிவிட்டு, புடவைக்கு மேல் கம்சாவை இறுக்கிக் கட்டினேன், நீ எனக்குக் கட்டிய மாதிரியே. நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கான்."

குவார்ட்டர்ஸ் கேட் வரை அவர்தான் சுமந்தார். உன்னுடைய மகத்தான சுமைதூக்கி, செருப்பு அறுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு பின்னால் வந்தான்.