பெட்டிக்குள் வைத்த கசெட்

உன் பெட்டியை மூடுவதற்கு முன்னால், உன் நெஞ்சின்மேல் உன் அம்மா வைத்திருந்த, டிவியில் விளையாடுகிற கேம் கசெட்டை நான் கையை விட்டு எடுத்தேன். லயத்து வீட்டு ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எடுத்தேன். மறைத்து எடுக்கத் தெரியாதவன் இல்லை நான். அது மறைக்கவேண்டிய காரியம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்று கடையின் பின்னறையில் ஒரு கசெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்ததும் வாசம் மேலே வந்தது. அது நமக்கு ஞாயிற்றுக்கிழமை வாசம். எதிரே நீ உட்காரும் ஸ்டூல்மேல் இப்போது சார்ஜர் பெட்டிகளை அடுக்கிவைத்திருக்கிறேன். ஸ்டூலைக் காலியாக வைத்துக்கொண்டு பார்த்திருக்க என் கடையில் இடம் இல்லை; உனக்கே தெரியும்.

இந்த மாதத்துச் சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் நீ வேறு பேச்சுக்கு வரமாட்டாய். லுணுகலைப் பக்கம் பங்களாவில் முன்பு சமையல் செய்த ஒருவரின் வீட்டில் மூன்று கிடைத்தன. ஒன்றுக்குள் எறும்பு குடியிருந்தது, முட்டையோடு. ஒன்றைக் கட்டிலின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தார்கள்; இத்தனை காலம் ஒரு கட்டிலைத் தாங்கியிருக்கிறது, இன்னும் ஓடுகிறது. மூன்றாவது கார் ஓட்டுகிற கேம், ஒறிஜினல், லேபிள் பாதி கிழிசல். நீ இருந்தால் அந்தக் கிழிசலைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பாய்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், இந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், ஜப்பான்காரன் செய்த கேம் கசெட் எப்படி வந்தது என்று கேட்பார்கள். இரண்டு வழியாக வந்தது. தோட்டத்தை நடத்தும் தொரைமார் மாறிப் போகும்போது அவர்கள் பிள்ளைகள் விட்டுப்போனவை பங்களா வேலையாட்களுக்குக் கிடைத்தன. மற்றவை குவைத்திலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்தன, வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களின் சூட்கேசில், அவர்கள் வளர்த்த பிள்ளைகளுக்குச் சலித்துப்போன பிறகு.

உன் அம்மா கொண்டுவந்ததும் அப்படித்தான். அவர் குவைத்துக்குப் போகும்போது உனக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. எட்டு வருசம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, "யாரு வேணும்?" என்று கேட்டாய். நான் பக்கத்துக் காம்பரா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்லாமல் சூட்கேசைத் திறந்து கேம் மெஷினையும் கசெட்டையும் எடுத்து உன் கையில் வைத்தார். மெஷின் அடுத்த மழையிலேயே இடி விழுந்து எரிந்துபோனது. கசெட் மட்டும் மிஞ்சியது. அதன் பின்பக்கத்தில் அரபு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டுப் பையனின் பெயர்.

"எங்கம்மா வளத்த புள்ள இவந்தான். நான் இல்ல" என்பாய், அந்த எழுத்தைத் தடவிக்கொண்டு. சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். கேட்பவனுக்குச் சிரிப்பு வராது.

நான் படிப்பை விட்டு பதுளை பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்து பட்டரியும் டோர்ச் பல்பும் விற்றேன். சாக்கு மேசையாகி, மேசை கடையானது. நீ ஹாலிஎலயில் வாடகை ஆட்டோ ஓட்டினாய். பழைய கசெட்டுக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததும், தோட்டம் தோட்டமாகப் போகிற ஒருவன் தேவைப்பட்டான். அது நீதான். நீ தேடுவது, நான் துடைத்து விற்பது, பாதிக்குப் பாதி. ஞாயிறு காலை பேப்பரை விரித்து, அந்த வாரம் கிடைத்ததைப் பரப்புவாய்.

"என்ன மொதலாளி, இந்த வாரம் யாரு கழுத்த அறுத்தீங்க?"

"ஒனக்குத்தான் கத்திய தீட்டிக்கிட்டு இருக்கேன், ஒக்காரு."

நீ கசெட்டை வாயருகில் கொண்டுபோய் ஊதுவாய். எச்சில் பட்டால் பித்தளை பச்சை பிடிக்கும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "ஊதாம வெளாண்டா அது வெளாட்டா?" என்று மறுபடியும் ஊதுவாய்.

ஆனால் சாமானை எடை போடுவதில் உன்னை நான் மிஞ்சியதில்லை. கையில் எடுத்ததும் கண்ணை மூடி, ஒறிஜினலா கொப்பியா என்று சொல்லிவிடுவாய். கொப்பி இலேசாக இருக்கும். ஒறிஜினலில் சாதாரணத் திருகாணி இருக்காது, ஆறு மூலை வைத்தது. இதெல்லாம் நாம் சேர்ந்து கற்றது. இதை நீ எதற்குப் பயன்படுத்தினாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

எல்ல ஊரில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் என் கடைக்கு வந்தானே, நினைவிருக்கிறதா? அவனும் சேர்க்கிறவன். தான் தேடுகிற ஒரு கேமின் படத்தைப் போனில் காட்டினான். உன் அம்மா கொண்டுவந்து, உன் வீட்டுப் பால்மா டின்னுக்குள் கிடக்கிற அதே கேம். ஒறிஜினல் என்றால் பாதியில் நிற்கும் உன் வீட்டுக்குச் சுவரும் கூரையும் போட்டுவிடலாம் என்று உன்னிடம் ஓடி வந்து சொன்னேன். அடுத்த ஞாயிறு நீ அதைக் கொண்டுவரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு ஒரு நாள் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாய்.

"தூக்கிப் பாரு. ஆனா தொறக்கக்கூடாது."

தூக்கிப் பார்த்தேன். எடை சரி. திருகாணி சரி. "ஒறிஜினல்டா" என்றேன்.

"இருக்கட்டும். இப்ப விக்கிறதில்ல. தொறந்தா ஆசை வரும், ஆசை வந்தா வித்துருவோம். வேற வழியே இல்லேங்கிற நாள் வந்தா பாப்போம்."

அந்த நேரத்தில்தான் உன் மனைவி ஸ்டெல்லா மகளை விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்திருந்தாள். நீ சாப்பிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். "எங்க வீட்டுல இருந்து ஒருத்தி போனது போதும்." கசெட் கதையை அவளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் லேசில் நம்புகிறவளா? நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த மனுசன் சொல்றது நெசமா? அந்த டப்பாவுக்கு அவ்வளவு வெலயா?"

"கையில வச்சுப் பாத்தேன்மா. எடை சரியா இருக்கு. நான் சொல்றேன்."

ஊரில் என்னைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள். விலையில் பொய் சொன்னேன் என்று யாரும் சொன்னதில்லை. என் வார்த்தையை எடுத்துக்கொண்டு போனாள். பாஸ்போட் பெட்டியடியில் கிடந்து காலாவதியானது.

பிறகு நீ குளவி கொட்டிச் செத்தாய். மேல் லயத்தில் யாரோ ஒரு பெட்டி நிறைய டிவி கேம் சாமான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோவை ரோட்டில் விட்டுவிட்டு, பத்தாம் நம்பர் தேயிலை மலைக்குள் குறுக்கே ஏறியிருக்கிறாய். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கையில் கூடு தட்டுப்பட்டிருக்கிறது. அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். உன்னிடம் சாக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்து ஸ்டெல்லா, "இது இவரு இல்ல, வேற ஆளு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கைக்கடிகாரத்தை வைத்துத்தான் ஒத்துக்கொண்டோம்.

அடக்கத்தன்று வழக்கப்படி உன் சாமான்களைப் பெட்டிக்குள் வைத்தார்கள். தொப்பி, சீப்பு, செபமாலை. கடைசியாக உன் அம்மா அந்தப் பால்மா டின்னைத் திறந்தார். ஸ்டெல்லாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவளால் வாயைத் திறக்க முடியாது. புருசன் பெட்டிக்குள் மாமியார் வைக்கிறதை எடு என்று சொல்ல எந்த மருமகளால் முடியும்? அதனால் நான் எடுத்தேன். ஃபாதர் புத்தகத்தை மூடிவிட்டு நின்றார்.

உன் மாமாதான் முதலில் கத்தினார். "என்னடா பண்ற? டவுனுக்குப் போனவன் பொணத்துக்கிட்டயும் யாவாரம் பாக்குறியா?"

"மாமா, இது மண்ணுக்குப் போற சாமான் இல்ல. ஸ்டெல்லாவுக்கும் புள்ளைக்கும் சேரவேண்டியது."

உன் அம்மா கத்தவில்லை. "வைய்யிடா அத. எட்டு வருசத்துக்கு எங்கையில மிஞ்சினது அது ஒண்ணுதான். அவனோட போகட்டும்."

நான் வைக்கவில்லை. என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் குழிக்கு மண் போட மற்றவர்கள் எனக்கு வழி விடவில்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆட்டோவை அதன் சொந்தக்காரன் கொண்டுபோய்விட்டான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். இன்னொருவர் சாமானை அவர் இல்லாமல் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் வரும்வரை கசெட்டை அப்படியே வைத்திருந்தேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஆறு மூலைத் திருகாணியைக் கழற்றினேன்.

உள்ளே, ஒறிஜினலில் சிப் இருக்கும் இடத்தில், கறுப்புத் தார்ப் பொட்டு ஒன்று. அவ்வளவுதான். கொப்பி. பஸ் ஸ்டாண்டில்கூட யாரும் வாங்கமாட்டார்கள். குவைத்து வீட்டுப் பிள்ளைகளும் கொப்பியில்தான் விளையாடியிருக்கிறார்கள்.

ஆனால் சர்க்யூட் தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு வாஷர் ஒட்டியிருந்தது. எடைக்காக. பசை என் கடையில் விற்கிற பசை. திருகாணி நாம் செத்த கசெட்டுகளிலிருந்து கழற்றிப் போத்தலில் போட்டுவைத்திருப்பதில் இரண்டு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாபாரத்தில் என்னை ஏமாற்றப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஏமாற்றியவன் நீ ஒருவன்தான்.

ஸ்டெல்லா ஒரு வாஷரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது எங்க ஆட்டோ வாஷருண்ணே."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தா ரெண்டு கொறையுதுன்னாரு. நான் மறுபடியும் ஹாலிஎலக்கு எறங்கிப் போயி கடக்காரன கள்ளன்னு திட்டி, சண்ட போட்டு ரெண்டு வாங்கியாந்தேன். வாயத் தொறக்காம பாத்துக்கிட்டு இருந்தாரு அண்ணே, அந்த மனுசன்."

சொல்லிவிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போய் நின்றது என்று நான் உனக்கு எழுதப்போவதில்லை.

அது கொப்பி என்று உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எடையை வைத்து, நான் ஓடி வந்து விலை சொன்ன அன்றைக்கே உனக்குத் தெரியும். நான் விலையில் பொய் சொல்லமாட்டேன் என்பதால், என்னிடம் உண்மையைச் சொல்லாமல் என்னையே சாட்சிக்கு நிறுத்தினாய். இல்லாத ஒரு வீட்டைக் காட்டி அவளை இத்தனை காலம் மகள் பக்கத்தில் வைத்திருந்தாய். கெட்டிக்காரன்தான் நீ. ஆனால் அது நீ உயிரோடு இருக்கும்வரை மட்டும் செல்லுகிற நோட்டு.

நான் எடுக்காமல் விட்டிருந்தால்? மண்ணுக்கடியில் ஒரு வீடு புதைந்து கிடக்கிறது என்று ஆயுசு முழுக்க அவள் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள். இது தெரிந்தது நல்லது. உன் அம்மாவிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அது விலை போகாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஸ்டெல்லாவைக் கடையில் வேலைக்கு வரச் சொன்னேன்.

"பொட்டிக்குள்ள கைய விட்டத இன்னும் பேசி முடிக்கல. நான் வந்து ஒங்க கடையில நின்னா என்ன பேசுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பையிலிருந்து புதுப் பாஸ்போட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "குவைத்துதான். மூணு புள்ளைங்க உள்ள வீடு."

உன் மகள் உன் அம்மாவிடம் இருப்பாளாம். போய்வந்த ஒருத்திக்குத்தான் விட்டுப்போன பிள்ளையின் மனசு தெரியும் என்கிறாள். ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். எனக்கு அந்த வாசலும், "யாரு வேணும்?" என்று நீ கேட்டதும்தான் ஞாபகம் வருகிறது.

போகிற வழியில் திரும்பி நின்று கேட்டாள்: "அண்ணே, ஒறிஜினல எப்படிப் பாக்குறது? ஒருக்கா சொல்லிக் குடுங்க. அந்த வீட்டுல பழசு ஏதும் கெடந்தா கேட்டு வாங்கியாறேன்."

ஸ்டூலிலிருந்து சார்ஜர் பெட்டிகளை இறக்கி அவளை உட்காரவைத்தேன். ஒறிஜினலை ஒரு கையில், கொப்பியை மறு கையில் கொடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். முதல் தடவையே சரியாகச் சொன்னாள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நீ செய்கிற மாதிரியே. அப்புறம் ஒன்றை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். நான் தடுக்கவில்லை.

உன் கசெட் என் மேசை டிராயருக்குள் இருக்கிறது, வாஷரோடு, திருகாணியை முறுக்கி. அது விற்பனைக்கு இல்லை. சாமானை யாராவது கையில் கொடுத்து எடை சரி என்றால், இப்போதெல்லாம் திறந்து பார்க்காமல் நான் தலையாட்டுவதில்லை. அது நீ கொடுத்த புத்தி.

நானும் ஸ்டெல்லாவும் பேசி முடித்தது இவ்வளவுதான். அவளுக்குக் குவைத்தில் இரண்டு வருச ஒப்பந்தம். அவள் திரும்பி வரும்வரை கல்லறைத் திருநாளுக்கு உன் குழியில் மெழுகுதிரி ஏற்றுவது என் வேலை, யார் என்ன சொன்னாலும். அவள் கொண்டுவரும் கசெட்டை அவள் முன்னால்தான் திறக்கவேண்டும். விற்பதில் அவளுடைய பங்கு மகள் கையில் போகும். விற்றதை அனுப்பும் தபால் செலவு என் பக்கம். மற்றதெல்லாம் உன்னோடு இருந்த அதே பேச்சு, பாதிக்குப் பாதி.