குளிப்புத்துறை ஏணி

செப்டெம்பர், செவ்வாய் இரவு. கீல், ஜேர்மனி.

கடலில குளிக்கிறவை இறங்கி ஏறுற ஏணியை இண்டைக்குக் கழட்டினன். பார்க்கப் பளபளவெண்டுதான் இருந்தது. ஆனால் போல்ட்டின்ர தலையில உருக்கின்ர தரம் A2 எண்டு குத்தியிருந்தது; உப்புத்தண்ணி அரிக்காமல் இருக்க A4 வேணும். ஒண்டைத் திருகினன். நட்டுக்குள்ள அரிச்சுப்போய், பாதியில முறிஞ்சு கையோட வந்தது.

என்னோட வேலை செய்யிற யென்ஸ் புது போல்ட் எடுக்க ரோட்டில நிண்ட எங்கட வேலை வானுக்குப் போனான். அதுக்குள்ள, ஒவ்வொருநாளும் நீந்துற ஃபிராவ் ஹான்சன் கரைப்பக்கத்தால இறங்கி நீந்தி வந்து ஏணியைத் தேடுறா. எழுபது தாண்டின மனுசி. நான் துறைப் பலகையில குப்புறப் படுத்து அவவின்ர கையைப் பிடிச்சன். யென்ஸும் ஓடிவர, ரெண்டுபேருமாத் தூக்கினம். உதடெல்லாம் நீலம் பாய்ஞ்சிருந்தது.

"நேற்றும் அதிலதானே ஏறினனான்!" எண்டு கத்தினா.

முறிஞ்ச போல்ட்டை அவவின்ர உள்ளங்கையில வைச்சன். "ஓம், இதை நம்பித்தான் ஏறினீங்கள்."

போல்ட்டை என்னட்டத் திருப்பித் தந்தா. பிறகு, "எப்ப திரும்பப் பூட்டுவீங்கள்?" எண்டா.

பின்னேரமே பூட்டிட்டன், எல்லாம் A4. நானே தொங்கிப் பார்த்தன், அசையேல்லை. அது இனி நிக்கும்.

அக்கரையிலயும் ஒரு ஏணி இருக்கு. இதுக்கு A2 போட்ட அதே ஆக்கள்தான் அதையும் பூட்டினவை. காலமை முதல் ஆள் தண்ணியில இறங்க முன்னம் நான் அங்க நிப்பன்.