கியர் எடுத்த சைக்கிள்

ஜூன் 10, 2024, திங்கள்

பல்லாள் சர்க்கிளில் இன்று கியர் மாறவில்லை. கியரில் பழுது ஒன்றும் இல்லை. என் வலது கட்டைவிரல் அந்த லீவரைத் தள்ள மறுத்துவிட்டது. கனமான கியரிலேயே மாட்டிக்கொண்டேன். பின்னால் பஸ் ஹாரன். இறங்கி, லேப் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

பத்து நிமிஷம் தாமதம். பதினாறு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். எல்லாருக்கும் ரத்தம் எடுத்தேன். ஒருவருக்கும் இரண்டாவது தடவை குத்தவில்லை. இதை ஏன் எழுதி வைக்கிறேன்?

முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. லேபில் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் யார் என்னிடம் கையை நீட்டுவார்கள்?

ஜூன் 12

காலையில் ஊறுகாய் பாட்டில் மூடி தொட்டதுமே திறந்துகொண்டது. காபித்தூள் டப்பா, தேங்காய் எண்ணெய், என் மாத்திரை டப்பா, எல்லாம் அப்படியே. இவர் முன்கூட்டியே திறந்து மூடியைச் சும்மா மேலே வைத்திருக்கிறார். கேட்டால், "நான்தான் சரியா மூடல போல" என்கிறார். இருபத்திரண்டு வருஷமாக எதையும் சரியாக மூடாமல் விட்ட மனுஷர் இல்லை என் வீட்டுக்காரர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் திரும்ப இறுக்கி மூடப் பார்த்தேன். முடியவில்லை.

சாயங்காலம் சைக்கிள் பேச்சு, பாதி கன்னடத்தில். "சும்னே எதுக்கு இந்த ஹிம்சே, ராஜி? நான் ஸ்கூட்டர்ல விட்டுடறேனே." நான் ஆறரைக்கு லேபில் இருக்கணும், நீங்க எழுந்திருக்கிறதே ஏழு மணிக்கு என்றேன். காரணம் அது இல்லை. சைக்கிள் ஓட்டுகிற வரைக்கும் ஊசியும் பிடிக்க முடியும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அசட்டுக் கணக்கு.

ஜூன் 15, சனி

அக்ரஹாரம் பகுதியில் கரியப்பன் சைக்கிள் கடை. கௌதள்ளி ஊர்க்காரர், தமிழ் பேசுவார். கியரையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே பல்சக்கரத்தில் ஓடும்படி பண்ண முடியுமா என்று கேட்டேன்.

"ஏழு கியரும் சுத்தமா விழுதுங்களே. எதுக்குங்க எடுக்கோணும்?"

"விரலுக்கு வேலை இருக்கக் கூடாது."

என் கையைப் பார்த்தார். "எடுத்துப்போடலாமுங்க. மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்."

லீவர், வயர், பின்சக்கரத்தின் ஏழடுக்குப் பல் எல்லாவற்றையும் கழற்றினார். அந்த இடத்தில் ஒற்றைப் பல்சக்கரத்தைத் திருகி, செயினை அளந்து வெட்டினார். முக்கால் மணி நேரம். கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "வெச்சிருங்க. கை செரியானா திரும்ப மாட்டிக்கலாமுங்க."

வாங்கிக்கொண்டேன். இந்த நோய் சரியாகிற ஜாதி இல்லை என்று அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூன் 17

ஓடியது. கால் மட்டும் போதும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன், நாற்பத்தாறு வயதில். மூச்சு முட்டியது. இறங்கவில்லை.

ஜூன் 18

அதே ஏற்றத்தில் செயின் கழன்றது. நானே மாட்டினேன் - இருபது நிமிஷம். லேபில் கிரீஸைக் கழுவிவிட்டுக் குழாயை மூட முடியாமல் நின்றேன். தரை துடைக்கிற சித்தம்மா வந்து மூடினாள்.

திரும்பும்போது கரியப்பன் செயினுக்கு அடியில் ஒரு சின்ன ரோலர் வைத்து இழுத்துக் கட்டினார். இனிமேல் கழலாதாம்.

ஜூலை 2

மழை. விரல் மூட்டெல்லாம் வீக்கம். லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனேன்.

ஜூலை 11, வியாழன்

விழுந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வரும் இறக்கத்தில், முன்னால் போன ஆட்டோ நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விரல்கள் பிரேக்கின் மேலே இருந்தன, அழுத்தவில்லை. காலைத் தரையில் தேய்த்தேன். நேராகப் போய் மோதினேன். ஆட்டோக்காரர் கன்னடத்தில் திட்ட ஆரம்பித்து, என் விரல்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் திட்டி முடித்திருக்கலாம்.

முழங்கால் சிராய்ப்பு. வீட்டில் இவரிடம் மழையில் வழுக்கிவிட்டது என்றேன். நம்பாமல் மருந்து போட்டார்.

ஜூலை 13

கரியப்பனிடம் போனேன். வயரை மாற்றி, பிரேக்கை எவ்வளவு லேசாக்க முடியுமோ அவ்வளவு லேசாக்கினார். கடை முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னார். நிறுத்தச் சொன்னார். தாண்டிப் போய்த்தான் நின்றேன்.

பின்பக்கமாக மிதித்தால் நிற்கிற மாதிரி சக்கரம் உண்டாமே என்றேன்.

"இங்கெல்லாம் கெடைக்காதுங்க அது." துணியில் கையைத் துடைத்தார். "கியர எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். நிக்காத வண்டிய நான் எப்பிடீங்க உங்க கையில குடுக்கறது?"

தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில்.

ஜூலை 14

என் கணக்குப்படி அடுத்தது ஊசி.

ஜூலை 22, திங்கள்

லேபுக்கு இராமச்சந்திரன் சார் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயரானவர். மாசா மாசம் என்னிடம்தான் வருவார், நான் எடுத்தால் வலியே தெரியாதாம். ஊசி என் விரல்களுக்கு நடுவில் திரும்பிவிட்டது. மறுபடி குத்தினேன். மறுபடியும். அவர் கையில் நீலம் பாய்ந்தது.

"பரவால்லம்மா, இன்னொரு வாட்டி குத்து" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

ஊசியைக் கீழே வைத்தேன். மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வருஷத்தையும். அவர் நல்லவர். ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்து நானே சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. போனில் சொன்னதும் இவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 19

சித்தம்மா வந்து சைக்கிளை எடுத்துப் போனாள். நான்தான் வரச் சொன்னேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். "கியரு கியிரு ஒண்ணும் இல்லீங்களே அக்கா, எனக்கு இதுதான் செரி." நன்றாக ஓட்டினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

செப்டம்பர் 9, திங்கள்

முடக்குவாதத்துக்குச் சாப்பிடுகிற இந்த மாத்திரைக்கு மாசா மாசம் ரத்தம் பார்க்க வேண்டும். வேறு லேபுக்குப் போகலாம் என்றார் இவர். வேண்டாம், அங்கேயே போகலாம் என்றேன். ஸ்கூட்டரில் விட்டார். டோக்கன் பதினொன்று.

என் இடத்தில் ரூபா என்று ஒரு பெண். சின்ன வயசு, மங்களூர்ப் பக்கமாம். நான் யாரென்று தெரியாது. நானும் சொல்லவில்லை. சுறுசுறுப்பான விரல்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்து, "கை பிகியாகி முச்சி, மேடம்" என்றாள். இறுக்கி மூடச் சொல்கிறாள்.

மூடினேன். காத்திருந்தாள். "இன்னூ பிகியாகி."

இவ்வளவுதான் மூட முடியும் என்றேன்.