ஜெனீவாவில் நீ வாசித்தது

முட்டாரே

டகுராவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கவில்லை, டிவியில்தான் பார்த்தோமே, கன்னம் உப்பி, கோட்டும் டையுமாக நன்றாகத்தான் இருக்கிறாய். ஜெனீவாவில் உலக நாடுகளின் மனித உரிமைக் கூட்டத்தில் அரசாங்கத்தின் சார்பில் எழுந்து, எங்கள் நாட்டில் எந்த வக்கீலுக்கும் தொந்தரவு இல்லை, முட்டாரேயில் கைதான அந்த அம்மையார் ஸ்டேஷனுக்கு வக்கீலாகப் போகவில்லை, அரசியல் செய்யப் போனார் என்று வாசித்தாயே, அப்பா கையில் எடுத்த சோளக்களியை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனார். அம்மையாராம்! பெற்றவளைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லையா? எழுதிக் கொடுத்ததை வாசித்தேன், வேலை அப்படி என்று அத்தையிடம் போனில் அழுதாயாம். வாசித்த வாய் யாருடையது?

நான் ஸ்டேஷனுக்குப் போனது ஷுவாயைப் பார்க்க. சம்பளம் கேட்டு ஊர்வலம் போனதற்காகப் பிடித்துவைத்த டீச்சர், கைக்குழந்தைக்காரி. அவளுக்கு வக்கீல்னா நீயும் அவ கூட்டந்தானே என்று என்னையும் உள்ளே தள்ளினார்கள். நான் ஜாமீனில் வந்துவிட்டேன், அவள் உள்ளேயே இருந்தாள். நேற்று அவளுடைய ஜாமீன் மனு. அரசு வக்கீல் நீ பேசியதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இவங்க வக்கீலாப் போகலைன்னு அரசாங்கமே உலகத்துக்குச் சொல்லியாச்சு, இந்த வழக்குல இவங்க நிக்கக் கூடாது என்றான். சொன்னவரைத் தெரியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். தெரியும் ஐயா, என் வயித்துல பொறந்தவன், சின்ன வயசுலேர்ந்தே வாயத் தொறந்தா பொய்தான் என்றேன். கோர்ட்டே சிரித்தது. சிரித்துவிட்டு என்னை வழக்கிலிருந்து விலக்கிவிட்டார்கள். என் கதியைப் பார்த்தபிறகு இந்த ஊரில் வேறு எவன் வருவான்? பேச ஆளில்லாமல் ஜாமீன் தள்ளுபடி, அவள் குழந்தையோடு மறுபடி சிறைக்குப் போய்விட்டாள்.

ஊருக்கு வந்ததும் நம் பெரியவர்கள் வழக்கப்படி கோணியைக் கட்டிக்கொண்டு, நாலு பேர் கேலி செய்ய வீடு வீடாகத் தானியம் வாங்கி, தாய்க்குச் செய்த பாவத்தைக் கழிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாயாமே. அந்த நாடகமெல்லாம் என் வாசலில் வேண்டாம். நீ பாவம் செய்தது எனக்கா?

அங்கே பனி என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், செய்ததையெல்லாம் இருந்து பார்.

ஒன்று மறக்காதே. வண்டியில் ஏற்றும்போது ஷுவாய் திரும்பிப் பார்த்து, அம்மா, இனிமே எனக்காக யாரும்மா பேசுவாங்க என்று கேட்டாள். அதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உனக்குத்தான் பேச நன்றாக வருகிறதே, அந்தப் பதிலை நீயே அவளுக்கு எழுதிவிடு.

இப்படிக்கு,
மாவிஸ் சிகுமிரா
வக்கீல்