கிழக்கு வாசலா, மேற்கு வாசலா

பிப்ரவரி 3
பாப்பா பிறந்தபின் அலுவலகம் நம்பிக் கொடுத்த முதல் வேலை. ஜப்பானில் ஒரு மலை விடுதி. ஜப்பானிய மொழியில் உள்ள அதன் வழிகாட்டிப் புத்தகத்தை ரஷ்யப் பயணிகளுக்காக, இடையில் ஆங்கிலம் இல்லாமல் நேராக ரஷ்ய மொழிக்கு மாற்ற ஆள் தேட வேண்டும். இருபதாம் தேதி கெடு. மேலாளர் அக்கா, "முடியலன்னா இப்பவே சொல்லிடும்மா, வேற ஆளுக்குக் குடுத்துடறேன்" என்றார். முடியும் என்றேன். இரண்டு மொழியிலும் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது!

பிப்ரவரி 6
நாற்பது பேரை விசாரித்தேன். நேரடியாகச் செய்பவர்கள் இரண்டே பேர். தெரியாத மொழியில் யாரை எப்படிச் சோதிப்பது? பாப்பாவுக்கு ஊட்டும்போது பளிச்சென்று தோன்றியது. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்துபோகும் வழி, படத்தோடு ஒரு பக்கம் இருக்கிறது. அதை இருவருக்கும் அனுப்பினேன். வரும் எழுத்தையும், வழிக்கோட்டை மறைத்த படத்தையும் கீழ்வீட்டு ரஷ்ய மொழி டீச்சரிடம் கொடுத்து வழியை வரையச் சொல்லப்போகிறேன். அசல் படத்தோடு ஒத்துப்போகிறதா பார்த்தால் போதும். எனக்கும் மூளை இருக்கிறது.

பிப்ரவரி 8
முதலாமவர் மதியமே அனுப்பிவிட்டார். மற்றவள் ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல் கேள்வி அனுப்பியிருக்கிறாள்: "நிலையத்திலிருந்து வெளியே வர எழுத்தில் கிழக்கு வாசல், படத்தில் மேற்கு வாசல். எது சரி? தெரியாமல் எழுத மாட்டேன்." நல்ல கேள்விக்காரி! பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 9
பாப்பாவுக்குக் காய்ச்சல். எதுவும் ஓடவில்லை.

பிப்ரவரி 11
காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பாடா.
முதலாமவர் அனுப்பியதைப் படித்து டீச்சர் வரைந்து கொடுத்தார். "உங்க விடுதி ஆத்துக்குள்ளயா இருக்கு? நான் இதுல எழுதியிருக்கறபடிதான் போனேன்" என்று சிரித்தார். கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து, நேரே ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்.
மொழிபெயர்த்தவர் மேல் தப்பில்லை, மூலமே தப்பு. கண்ணில் பட்டது கேள்விக்காரிக்கு மட்டும். அவளையா அடித்தேன்? பனியில் கைக்குழந்தையோடு ஒருத்தி அந்தக் கரையில் நின்றால்? ஐயோ, எவ்வளவு அவசரம் எனக்கு.

பிப்ரவரி 12
போனில் சொன்னதும் அக்கா பயந்தார். "விடுதிக்காரங்க கிட்டயே போய் உங்க புத்தகம் தப்புன்னு சொல்றதா? வேலை போயிடும்டி."
"சொல்லலன்னா பயணிங்க வழி தெரியாம நிப்பாங்கக்கா. என் பேர்லயே எழுதறேன்."
போனை வைத்தேன். என் கணவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டே, "அடேங்கப்பா!" என்றார்.

பிப்ரவரி 13
கேள்விக்காரிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல. எது சரின்னு கேட்டீங்களா?" அவ்வளவுதான் பேசினாள்.

பிப்ரவரி 17
விடுதியின் பதில் வந்தது. போன வருடம் பாதை மாறியதாம்; இப்போது மேற்கு வாசல்தான் சரி. படத்தைத் திருத்தியவர்கள் எழுத்தை மறந்துவிட்டார்கள். தப்பைக் கண்டுபிடித்தவரே புத்தகம் முழுவதையும் மொழிபெயர்க்கட்டும் என்கிறார்கள்.

பிப்ரவரி 20
கேள்விக்காரியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பாப்பா இன்று கையை விட்டுவிட்டு இரண்டடி நடந்தாள்.
மாலையில் அக்கா கூப்பிட்டார். "அடுத்தது கொரிய மொழி. எப்ப முடிப்ப?"
சரி என்று சொல்லும் முன் நான்கு கேள்வி கேட்டேன்.