சுன்னாகம் வெள்ளை

இன்று காலை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வெட்டி, பாதியைக் குசினி மேசையில் மறந்துவிட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் பழ ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. மற்றவர்கள் ஈயைக் கண்டால் கையை வீசுவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குனிந்து கண்ணின் நிறத்தைப் பார்க்கிறேன். எல்லாம் சிவப்பு. எனக்கு விசர் என்று வீட்டில் எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள். நீ இருந்தால் பக்கத்தில் நின்று நீயும் குனிந்திருப்பாய்.

உன் அம்மாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். உன் செய்தி வந்த அன்றே சொன்ன பொய். முப்பது வருடமாக அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன். உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஈயில் தொடங்காமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கம்பஸில் விலங்கியல் பகுதியில் நாம் இரண்டு பேரும் டெமோன்ஸ்ட்ரேற்றர்களாக இருந்தபோது, சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைகளுக்கு நடுவே பிடித்து வந்த ஈக்களில் ஒன்றுக்குக் கண் வெள்ளை. நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்காமலே, "எடியே, இஞ்சை ஓடி வா, ஒருத்தன் வெள்ளைக் கண்ணோடை இருக்கிறான்" என்று கத்தினாய். வெளிநாட்டுப் புத்தகங்களில் எண்பது வருடமாக இருக்கிற சங்கதிதான். தாயின் எந்தக் குணம் மகனுக்கு இறங்குகிறது, எது மகளில் ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் உலகம் இப்படியொரு வெள்ளைக்கண் ஈயை வைத்துத்தான் படித்தது. ஆனால் இது கப்பலில் வந்த ஈ இல்லை. எங்கள் சந்தையில் தானாகப் பிறந்தது. அந்த ஒற்றை ஆணை வைத்துக் கலப்புச் செய்து, பெண்ணிலும் வெள்ளைக்கண் எடுக்க ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. 'சுன்னாகம் வெள்ளை' என்று பெயர் வைத்தாய். நான் சுன்னாகத்தாள் என்பதால் கொஞ்ச நாள் அதுவே எனக்கும் பட்டப்பெயராக இருந்தது.

பிறகு சண்டை மூண்டு பாதை பூட்டினார்கள், மின்சாரம் நின்றது, சாமான் வருவதும் நின்றது. ஈக்குச் சாப்பாடு செய்ய அகார் இல்லை, ஈஸ்ற் இல்லை, சீனி இல்லை. பனங்கிழங்கு ஒடியல்மாக் கூழில் பனங்கட்டி கரைத்து, மேலே கள்ளு மண்டியைத் தெளித்தோம். "சைவக்காரி நீ கள்ளுக்குப் போனால் ஊர் கூடும். குருநகர் வேதக்காரப் பெட்டை நான் போனால் அப்பாவுக்கு எண்டு நினைப்பினம்" என்று போத்தலைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வருவாய். ஊரெல்லாம் ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கு எரித்த காலம் அது. "சனம் வெளிச்சத்துக்கு அலையுது, நீங்கள் போத்தலை ஈக்குக் குடுக்கிறியள்" என்று என் அப்பா ஏசினார். அவர் ஏசியதில் நியாயம் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஈக்களைப் புதுப் போத்தலுக்கு மாற்ற வேண்டும். மயக்க மருந்தும் இல்லை. பழைய போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றி, வாயோடு வாய் வைத்த புதுப் போத்தலை யன்னல் பக்கம் பிடித்தால், வெளிச்சத்தைக் கண்டு தாமாகவே ஏறி வந்துவிடும். நாள் தவறினால் கூழ் காய்ந்து முழுக் குடும்பமும் முடிந்துவிடும். ஆறு வருடத்தில் ஒருதரமும் தவறவில்லை. குண்டு விழுந்த நாட்களிலும் போனோம். "எத்தினை பேரைச் சாகக் குடுத்திட்டம். இதுகளையாவது வைச்சிருப்பமடி" என்றாய். அதற்குப் பிறகு ஏன் போகிறோம் என்று நான் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி நெருங்குகிறது, எல்லாரும் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் போகச்சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மறுநாள் காலை உன் அம்மாவை மூட்டைகளோடு கம்பஸ் வாசலில் இருத்திவிட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினோம். நீ கதவடியில் இரண்டு சைக்கிளையும் பிடித்தபடி நின்றாய். நான் உள்ளே. மேசையில் என் ஒரு பக்கம் ஈக்களின் கணக்கு எழுதிய கொப்பிக் கட்டு, மறுபக்கம் மூன்று ஜாம் போத்தல் வைத்த பிஸ்கற் தகரம். "உதை எடுத்திட்டியே?" என்று கேட்டாய்.

"ஓம், எடுத்திட்டன்" என்றேன்.

உது என்றால் பேசுகிறவளுக்கு அல்ல, எதிரே நிற்கிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது. எனக்குப் பக்கத்தில் இரண்டும் இருந்தன. நான் கையில் எடுத்தது கொப்பிகளை. உண்மையில் நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேனா? அல்லது மழைக்குள் அந்தச் சனத்தோடு போத்தலைக் காவ முடியாது என்ற அலுப்பில், விளங்காதவள் போல் இருந்தேனா? எத்தனையோ தரம் மனதால் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்று பார்த்துவிட்டேன். எனக்கே தெரியவில்லையடி.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய பிறகு என் பையைத் திறந்தாய்.

"எங்கை போத்தல்?"

"நீ கொப்பியைத்தானே கேட்டனி?"

"கொப்பியை ஏன் கேக்கிறன்? கொப்பி செத்துப்போகுமே?"

நீ ஏசவில்லை. விரலை மடக்கி நாள் எண்ணினாய். இன்னும் நாலு நாள் தாங்கும் என்றாய். உன் அம்மா பக்கத்து வகுப்பறையில் காய்ச்சலோடு நித்திரை. "எழுப்பாதை. போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சனம் வந்துகொண்டிருந்த பாதையில் எதிர்ப்பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாய். நான் கையைப் பிடித்து மறிக்கவில்லை. நானும் வாறன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஷெல் விழுந்ததாம். போகும்போதா, திரும்பும்போதா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கையில் தகரம் ஏதும் இருந்ததா என்று கேட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"பிள்ளை, அவள் என்னத்துக்கடி திரும்பிப் போனவள்?" என்று அன்ரி, உன் அம்மா, என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஈக்கு என்று எப்படிச் சொல்வது? சொன்னால், அதை ஆர் விட்டிட்டு வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் பயந்தேன். "உடுப்பு எடுக்க, அன்ரி" என்றேன்.

அன்ரியின் கை என் சட்டையிலிருந்து நழுவியது. "ஐயோ, நான்தான். கலியாணச் சீலையை அலுமாரிக்குள்ளை விட்டிட்டு வந்திட்டன் எண்டு வழிமுழுக்கப் புலம்பினனான். அதைத்தான் எடுக்கப் போயிருக்கிறாள்" என்றார். அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குருநகருக்குத் திரும்பி வந்த அன்று அலுமாரியில் அப்படியே கிடந்த அந்தச் சேலையை அவர் அடுப்பில் வைத்து எரித்தபோதும் பக்கத்தில்தான் நின்றேன்.

போன மாதம் அன்ரியிடம் போனேன். இப்போது கட்டிலோடுதான் இருக்கிறார்; காதும் நினைவும் தெளிவு. உது, தகரம், ஓம் என்று நான் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "விசர்க்கதை கதையாதை பிள்ளை. ஈ எடுக்க ஆரும் ஷெல்லுக்குள்ளை போவினமே?" என்றார். என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்று அழுதேன். எட்டி என் வாயைப் பொத்தினார். "என்ரை மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறாய். எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதை. நீ நல்ல பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமி அவருக்கு நற்கருணை கொண்டுவருவார். அதற்கு முன், செய்த பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம். ஒவ்வொரு முறையும் முதலில் அந்தச் சேலையைத்தான் சொல்வதாக அன்ரியே எனக்குச் சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறும் அதைத்தான் சொல்வார். நீ ஒருக்கால் அவருக்குச் சொல்லடி. நான் சொன்னால் நம்புகிறார் இல்லை.