ஸ்டாண்டில் கோளாறு இல்லை

அன்பு மகள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியிலேயே அதை அடிக்க வேண்டிவரும் என்பதால் எழுதவில்லை, நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருந்தால் போதும். அங்கே குளிர் விடவில்லை என்றாய், இருமலை அலட்சியம் செய்யாதே. அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, ஆனால் மாடி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கும்படி முனகுகிறார்.

போன மாதம் எங்கள் வகுப்பில் டாக்குமென்ட் கேமரா வைத்தார்கள் என்று சொன்னேனே, மேசைமேல் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும், அதன் கீழே தாளில் எழுதுவதெல்லாம் சுவர்த்திரையில் பெரிதாகத் தெரியும். இனிமேல் தோள் வலிக்கப் பலகையில் எழுத வேண்டாம் என்று நீகூட சந்தோஷப்பட்டாய். முதல் நாள் வட்டம் வரையக் காம்பஸை ஊன்றினேன், கடைசி பெஞ்சுக்காரி எழுந்து படம் ஆடுகிறது டீச்சர் என்றாள். திரும்பிப் பார்த்தால் திரையில் ஆள் உயரத்துக்கு என் கை நடுங்கிக்கொண்டிருக்கிறது. பலகையில் சாக்பீஸை அழுத்திப் பிடித்தால் கை அடங்கிவிடும், அதனால் ஒரு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. வாய் கூசாமல் ஸ்டாண்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் அதை நம்பியதுதான் இன்னும் குத்துகிறது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் மூன்று முறை வந்தார், அவருக்கு உன் வயதுதான் இருக்கும். திருகை முடுக்கினார், மேசைக் காலுக்கு அட்டையை மடித்து வைத்தார். மூன்றாம் முறை ஒரு ஸ்கேலைக் கேமராவுக்குக் கீழே வைத்தார், படம் அசையவே இல்லை. அதைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார், பிடித்தேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தாழ்ந்த குரலில், "ஸ்டாண்டுல கோளாறு இல்ல டீச்சர்" என்றார். அப்படிச் சொன்னவர், பதிவேட்டில் ஸ்டாண்ட் கோளாறு என்றே எழுதிவிட்டுப் போனார். மறுநாள் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் அவரை வறுத்தெடுத்தார், ஒரு ஸ்டாண்டைச் சரிபண்ணத் துப்பில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் விடைத்தாள் கட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தேன். செய்த தப்பை எழுந்து நின்று ஒத்துக்கொள் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான்.

பள்ளி விட்டதும் தலைமையாசிரியை அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, டெக்னீஷியனை வரவழைத்து வருத்தம் தெரிவித்தார், வேலை போகாது. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து என் பத்தாம் வகுப்பு வேறொருவருக்கு, எனக்கு நூலகம். டாக்டர் இது குறையாது, மாத்திரையால் தள்ளிப்போடலாம் என்கிறார். மனசே விட்டுப்போய்விட்டது வாலு.

வீடியோவில் பேசும்போது போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைக்கிறேன் என்று கேலி செய்வாயே, இதனால்தான். ஒரு வருடமாக நான் சொல்லச் சொல்ல அப்பா கடிதம் எழுதியதும் என் கண் வலியால் அல்ல. அவரைத் திட்டாதே, உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். பதறிப்போய் டிக்கெட் எடுக்காதே, லீவில் வந்தால் போதும்.

நீங்கள் இருவரும் எல்லாம் பெற்று நன்றாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக நானே எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பேனாமேல் பழி போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா